இளவேனில் உறைபனி

சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம் என்பது தமிழ் மரபு. தமிழ்நாட்டில் அவ்விரு திங்களிலும் வெயில் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே இருக்கும். நீரின்றிச் செடி வாடுமே என்பதே தோட்டக்காரரின் கவலை. ஐரோப்பாவின் நடுப்பகுதியிலும் வடபகுதியிலும் அதே நாள்களில் தோட்டக்காரர் அஞ்சுவது வேறொன்று. ஏப்பிரல், மே திங்கள்களில் அங்குப் பகற்பொழுது மிக இனிதாயிருக்கும். செர்ரி, பேரி, ஆப்பிள் மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளை தெரியாமல் பூத்து நிற்கும். திராட்சைக் கொடியில் விரல் நீளத் தளிர் ஓடியிருக்கும். மாலையில் காற்று ஓயும். வானம் துடைத்து வைத்தாற்போல் தெளியும். விண்மீன்கள் வழக்கத்தினும் ஒளியுடன் தோன்றும். காண்பார்க்கு இன்பம் தரும் அவ்விரவே தோட்டக்காரரின் உறக்கத்தைக் கெடுக்கும் இரவாகும். விடியற்காலையில் புல்லின்மேல் வெண்பொடி தூவினாற்போல் உறைபனி படிந்திருக்கும். இரண்டொரு நாளில் மலர்களின் நடுப்பகுதி கறுத்துவிடும். தளிர்கள் வெந்த கீரைபோல் துவண்டு தொங்கும். ஓர் ஆண்டின் விளைச்சல் ஓர் இரவில் போய்விடும்.

இதில் வியப்பு ஒன்று உண்டு. இம்மரங்கள் குளிருக்குப் புதியன அல்ல. சனவரித் திங்களில் உறைநிலைக்குக் கீழ் 20 பாகை சென்ற குளிரையும் ஓர் ஆப்பிள் மரம் தீங்கின்றித் தாங்கி நிற்கும். (இங்குக் கூறும் பாகைகள், வேறு குறிப்பு இல்லாத இடங்களில், செல்சியஸ் அளவைக்கு உரியன.) அதே மரம் மே திங்களில் உறைநிலைக்குக் கீழ் இரண்டு மூன்று பாகைக் குளிரில் தன் பூவை இழக்கிறது. காரணம் மரத்தின் நிலையிலேயே உள்ளது. இலையுதிர் காலத்தில் பகல் குறுகக் குறுக, மரம் தன்னைக் குளிருக்கு ஆயத்தம் செய்துகொள்கிறது. உயிரணுக்களில் நீர் குறைந்து சர்க்கரை மிகுகிறது. மொட்டுகள் செதில்களால் இறுக மூடப்படுகின்றன. இளவேனில் வந்ததும் அக்கவசம் சிறிது சிறிதாகக் கழன்றுவிடுகிறது. நுனி பச்சையாகத் தெரியத் தொடங்கும் ஆப்பிள் மொட்டு, உறைநிலைக்கு ஏறத்தாழ 8 பாகை தாழ்ந்த குளிரைத் தாங்கும். முழுதும் விரிந்த மலரோ, 2.2 பாகை தாழ்ந்த குளிரில் அரைமணி நேரம் இருந்தால் பத்தில் ஒன்று கெடும், 3.9 பாகை தாழ்ந்த குளிராயின் பத்தில் ஒன்பது கெடும். இரண்டு பாகைக்கும் குறைந்த இவ்விடைவெளியில்தான் உழவரின் ஆண்டு வருவாய் நிற்கிறது. ஓரிரு பாகை வெப்பத்தைக் காத்துத் தருவது பழம்பாயே ஆயினும், அன்றிரவு அதற்கு விலை மதிப்பில்லை.

பனிக்கட்டியின் கூரிய முனைகள் உயிரணுவைக் குத்திக் கிழிப்பதால் செடி மடிகிறது என்று பலர் எண்ணுவர். பெரும்பாலும் நிகழ்வது அதுவன்று. நீர் முதலில் உயிரணுக்களுக்கு இடைப்பட்ட வெளியில் உறைகிறது. உறைந்த பனிக்கட்டி அணுவின் உள்ளிருக்கும் நீரையும் தன்பால் இழுத்துக்கொள்கிறது. அணு நீர் வற்றிச் சுருங்க, அதனைச் சூழ்ந்த மெல்லிய சவ்வு கெட்டுப்போகிறது. உறைபனியால் மடியும் செடியும் ஒருவகையில் நீர் வேட்கையால் மடியும் செடியே எனலாம்.

கொடிய குளிர் இன்ன நாளில் வரும் எனக் குறித்து வைப்பது எந்நாட்டு உழவர்க்கும் இயல்பு. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது தமிழ்ப் பழமொழி. ஜெர்மனி, ஆஸ்திரியா, போலந்து முதலிய நாடுகளில் மே திங்கள் 11 முதல் 15 வரையுள்ள நாள்களை ‘உறைபனித் துறவியர்’ நாள்கள் என்பர். மாமெர்டஸ், பங்கிராஸ், செர்வாசியஸ், போனிபாஸ், சோபியா என்னும் கிறித்தவ அடியார் ஐவரின் திருநாள்கள் அடுத்தடுத்து அந்நாள்களில் வருகின்றன. சில நாடுகளில் இவர்களுள் மூவரையோ நால்வரையோ மட்டும் கணக்கிடுவர். இறுதி நாளுக்குரிய அம்மையாரை ‘குளிர்ந்த சோபியா’ என்றே ஜெர்மானியர் அழைக்கின்றனர். சோபியாவின் நாள் கழியுமுன் தக்காளியையும் அவரையையும் வெளியில் நடலாகாது என்பது அங்குத் தோட்டந்தோறும் வழங்கும் விதி. அந்த ஐந்து நாள்களிலேயே குளிர் தவறாது வரும் என்பதற்கு வானிலைக் குறிப்புகளில் சான்றில்லை. மேலும், 1582-இல் நாட்காட்டி திருத்தப்பட்டபோது பத்து நாள்கள் நீக்கப்பட்டன. ஆகவே பழையோர் குறித்த நாளும் இன்றைய நாளும் ஒன்றல்ல. ஆயினும் மே திங்களின் நடுப்பகுதி கடந்தபின் உறைபனி அரிது என்பது உண்மையே. விதியின் காரணம் பிழைபட்டிருப்பினும் பயன் பிழைபடவில்லை.

இனி, அக்குளிர் எங்கிருந்து வருகிறது என்பதைக் காண வேண்டும். ‘பனி பெய்கிறது’ என்றும் ‘பனி விழுகிறது’ என்றும் தமிழில் சொல்கிறோம். மழைபோலப் பனியும் வானிலிருந்து இறங்குவதாகவே மக்கள் எங்கும் கருதினர். மேலை நாடுகளிலும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணினர். வேறு சிலர் அது மண்ணிலிருந்து எழுவதாகக் கூறினர். இவ்வழக்கைத் தீர்த்து வைத்தவர் இலண்டன் நகரில் புனித தாமஸ் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் ஒருவர். வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்பது அவர் பெயர். அவர் 1757-இல் அமெரிக்காவில் தென் கரோலைனாவிலுள்ள சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தவர். தேம்ஸ் ஆற்றின் பாலம் ஒன்றிலிருந்து ஏறத்தாழ மூன்று கல் தொலைவில், சர்ரி மாவட்டத்தில், நண்பர் ஒருவருக்குரிய தோட்டமே அவருடைய ஆய்வுக்கூடமாயிற்று. பகலில் நோயாளரைக் கண்டபின், தெளிந்த இரவுகளில் அங்குச் சென்று வெப்பமானிகளைப் புல்லின்மேலும் பலகையின்மேலும் வைத்து நள்ளிரவு கடந்தும் குறிப்பெடுத்தார். அவர் நல்ல உடல்நலம் வாய்ந்தவரல்லர். இரவுக் குளிரில் அலைந்தது அவர் உடலை மேலும் நலிவித்தது.

அவர் செய்த சோதனைகளுள் ஒன்று மிக எளியது. இரண்டரை அடி உயரமும் ஓரடி விட்டமும் உள்ள சுட்ட மண் குழாய் ஒன்றைப் புல்தரையில் நிமிர்த்தி வைத்தார். மேல்வாய் திறந்திருந்தது. 10 கிரெயின் எடையுள்ள ஆட்டு மயிர்ப் பஞ்சைக் குழாயினுள் புல்லின்மேல் இட்டார். அதே எடையுள்ள பஞ்சு வேறொன்றைத் திறந்த வெளியில் இட்டார். பனி மழைபோல் மேலிருந்து விழுவதாயின் இரண்டும் ஒரே அளவு நனைந்திருத்தல் வேண்டும். காற்றில்லாத இரவில் மேல்வாய் வழியே விழுவதைத் தடுப்பது யாதுமில்லை அன்றோ? ஆனால் வெளியில் கிடந்த பஞ்சு 16 கிரெயின் ஈரம் பெற்றது. குழாயினுள் இருந்ததோ 2 கிரெயினுக்குச் சற்று மிகுதியாகவே பெற்றது. ஆகவே பனி விழுவதில்லை என்பது தெளிவாயிற்று. வானத்தை எவ்வளவுக்குக் காண்கிறதோ அவ்வளவுக்கே ஒரு பொருள் பனியை ஏற்கிறது. குழாயினுள் இருந்த பஞ்சுக்குத் தெரிந்தது சிறு வட்ட வானமே.

உண்மையில் நிகழ்வது இதுவே. உலகில் உள்ள பொருள் ஒவ்வொன்றும் தன் வெப்பத்தைக் கண்ணுக்குப் புலனாகாத கதிர்களாக எந்நேரமும் வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. பகலில் கதிரவனிடமிருந்து வருவது மிகுதியாதலால் இழப்புத் தெரிவதில்லை. இரவில் வரவு நின்றுவிடுகிறது, செலவு நிற்பதில்லை. முகில் இருந்தால் அது அவ்வெப்பத்தை வாங்கி, ஒரு பகுதியைத் திரும்ப மண்ணுக்கு அனுப்பும். வானம் தெளிந்திருப்பின் திருப்பி அனுப்புவது குறைகிறது. புல்லும் இலையும் மலரும் தம்மைச் சூழ்ந்த காற்றைவிடக் குளிர்ந்து போகின்றன. அவற்றின்மேல் பட்ட காற்றிலுள்ள ஈரம் துளிகளாகத் திரள்வதே பனி. இலை உறைநிலைக்குக் கீழ் தாழ்ந்துவிட்டால் அவ்வீரம் நேரே வெண்படிகமாகப் படிவதே உறைபனி. காற்று மிக உலர்ந்திருந்தால் வெண்படிகம் எதுவும் தோன்றாமலே செடி கருகிப்போவதும் உண்டு. அதனை ஆங்கிலேயர் ‘கரும்பனி’ என்பர். வெண்பனியினும் அதுவே கொடியது. ஏனெனில் ஈரம் துளியாகும்போதும் உறையும்போதும் சிறிது வெப்பத்தை வெளிவிட்டுச் செடிக்கு உதவுகிறது. கரும்பனி இரவில் அவ்வுதவியும் இல்லை.

வெல்ஸ் தம் நூலில் ஒரு செய்தியை மறையாது எழுதியுள்ளார். தோட்டக்காரர்கள் மெல்லிய பாயையும் துணியையும் செடியின்மேல் போட்டுக் குளிரைத் தடுக்க முயல்வதைக் கண்டு அவர் முன்னர் நகைத்ததுண்டாம். சூழ்ந்த காற்றுக் குளிர்ந்திருக்க, ஒரு மெல்லிய பாய் செடியை எவ்வாறு காக்கும் என்பது அவர் எண்ணம். அரைகுறை அறிவின் செருக்கால் அவ்வாறு நகைத்ததாக அவரே ஒப்புக்கொள்கிறார். தெளிந்த இரவில் செடி காற்றைவிடவும் குளிர்ந்து போகிறது என்பதைத் தம் வெப்பமானிகளால் அறிந்த பிறகே தோட்டக்காரர் செய்ததன் நுட்பம் அவருக்கு விளங்கியது. பாய் காற்றின் குளிரைத் தடுப்பதற்காக இடப்படுவதன்று. செடிக்கும் வானத்துக்கும் இடையே அது ஒரு திரை.

அதனையும் அவர் அளந்து பார்த்தார். புல்தரையில் இரண்டடிச் சதுரமாக நான்கு சிறு குச்சிகளை நட்டு, புல்லுக்கு ஆறு அங்குலம் மேலே, மிக மெல்லிய கைக்குட்டை ஒன்றை இழுத்துக் கட்டினார். ஓர் இரவு திறந்த வெளிப் புல், மேலேயிருந்த காற்றைவிடப் பாரன்ஹீட் அளவில் 11 பாகை குளிர்ந்திருந்தது. கைக்குட்டையின் கீழிருந்த புல்லோ 3 பாகையே குளிர்ந்திருந்தது. ஒரு கைக்குட்டை காத்தது 8 பாகை! துணி புல்லைத் தொட்டுக்கொண்டிருந்தால் பயன் குறைகிறது என்பதையும் அவர் கண்டார். தொடும் துணி தான் இழக்கும் வெப்பத்தைப் புல்லிடமிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது. ‘பனியைப் பற்றிய கட்டுரை’ என்னும் அவருடைய நூல் 1814-இல் வெளிவந்தது. இராயல் சொசைட்டி அதற்கு ரம்போர்டு பதக்கம் அளித்தது. 1817-இல் அவர் காலமானார்.

தோட்டக்காரர் இன்றும் கைக்கொள்ளும் முறைகள் பலவற்றுக்கு இக்கைக்குட்டைச் சோதனையே விளக்கமாகும். செடியை மூடுவோர் குச்சிகளை நட்டு அவற்றின்மேல் துணியைப் பரப்புதல் நன்று. துணியின் ஓரம் மண்ணைத் தொடும்வரை தொங்க வேண்டும். அப்போதுதான் பகலில் மண் சேர்த்து வைத்த வெப்பம் உள்ளேயே தங்கும். செடியின் தண்டைச் சுற்றித் துணியைப் பொட்டணம்போல் கட்டுவோர் மண்ணின் வெப்பத்தை வெளியே விலக்கிவிட்டுச் செடியைப் பட்டினி போடுகின்றனர். மெல்லிய பாலித்தீன் தாளும் பலர் கருதுவதுபோல் அத்துணைச் சிறந்ததன்று. வெப்பக் கதிர்களில் பெரும்பகுதியை அது ஊடுருவிச் செல்ல விட்டுவிடும். இலையில் ஒட்டினால் ஒட்டிய இடம் கருகும். பழஞ்சாக்கு, பாய், செய்தித்தாள், இக்காலத்தில் இதற்கென்றே விற்கும் மெல்லிய செயற்கை நார்த் துணி ஆகியன அதனினும் நன்மை தருவன. மாலையில் மண்ணின் வெப்பம் போகுமுன் மூட வேண்டும். காலையில் வெயில் ஏறியதும் திறக்க வேண்டும்.

பாரிசு நகருக்கு அருகிலுள்ள மோந்திரேய் என்னும் ஊரார் இக்கலையில் தேர்ந்தவர். பீச்சு மரம் வெம்மையை விரும்புவது. பருவத்தில் முந்திப் பூப்பது. ஆதலின் உறைபனிக்கு முதற் பலியாவது. மோந்திரேய் உழவர் பதினேழாம் நூற்றாண்டு முதல் தம் நிலங்களை உயர்ந்த சுவர்களால் கட்டம் கட்டமாகப் பிரித்து, அச்சுவர்களில் பீச்சுக் கிளைகளை விசிறிபோல் படரவிட்டனர். சாந்து பூசிய அச்சுவர் பகலெல்லாம் வெயிலை வாங்கி இரவில் மெல்ல மெல்ல வெளியிடும். சுவரின் தலையில் சிறு தாழ்வாரம் போன்ற நீட்சி உண்டு. பூக்கும் நாள்களில் அதனின்று வைக்கோற் பாய்களைத் தொங்கவிடுவர். பின்னால் சுவர், மேலே தாழ்வாரம், முன்னால் பாய் என மலர்கள் ஓர் அறைக்குள் உறங்குவனபோல் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சுவர்களின் மொத்த நீளம் பல நூறு கிலோமீட்டர் இருந்தது. நகரம் பெருகியதால் இன்று எஞ்சியுள்ளவை சிலவே.

வைக்கோலைப் பற்றி இங்கு ஒன்று கூறுதல் தகும். செடியின் மேலே வைக்கோல் இருந்தால் காக்கும். செடியின் கீழே மண்ணில் பரப்பியிருந்தால் கெடுக்கும்! மண்மேல் கிடக்கும் வைக்கோல் பகலில் வெயில் மண்ணுள் புகாதபடியும் இரவில் மண்வெப்பம் மேலெழாதபடியும் தடுக்கிறது. உயர்ந்து வளர்ந்த புல்லும், புதிதாகக் கொத்திப் பொலபொலவென்றிருக்கும் உலர்மண்ணும் அத்தகையனவே. இறுகிய, ஈரமான, வெறுமையான மண்ணே பகல் வெப்பத்தை மிகுதியாகச் சேமித்து இரவில் தருகிறது. ஆகவே உறைபனி வரும் எனத் தோன்றினால், அறிந்த உழவர் மரத்தடிப் புல்லை முன்னரே வெட்டி, நண்பகலுக்குள் நிலத்துக்கு நீர் பாய்ச்சிவிடுவர்.

இடத்தின் இயல்பையும் கருத வேண்டும். குளிர்ந்த காற்று கனமானது. நீரைப் போலச் சரிவில் இறங்கித் தாழ்ந்த இடத்தில் தேங்கும். ஒரே சரிவில் மேலேயுள்ள தோட்டம் தப்ப, கீழேயுள்ள தோட்டம் கருகுவது இதனாலேயே. சரிவின் அடியில் அடர்ந்த வேலி இருந்தால் அது குளிர்காற்றுக்கு அணையாகிவிடும். அதில் வாயில் விட்டு அக்காற்றை வடியச் செய்வது வழக்கம். இவ்வியல்பைத் தமிழ்நாட்டிலும் காணலாம். நீலகிரியில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளியும் இரவுகளில், நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி படிகிறது. அது குளிர்காலத்து உறைபனியே, இளவேனிலில் வருவதன்று. ஆயினும் அதன் நடத்தை ஒன்றே. உதகையை அடுத்த தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் புல்வெளி வெண்மையாகிறது; பள்ளத்துத் தேயிலை கருகுகிறது; மேட்டுத் தேயிலை பசுமை மாறாதிருக்கிறது. உதகை அரசினர் தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளின்மேல் ‘மிலார்’ எனப்படும் செடிகளை வெட்டிவந்து கவிழ்த்து மூடுகின்றனர். வெல்ஸின் கைக்குட்டை செய்த வேலையையே அங்கு மிலார் செய்கிறது.

மூடிக் காப்பது சிறு தோட்டத்துக்கு ஏற்கும். நூற்றுக்கணக்கான ஏக்கரில் பரந்த திராட்சைத் தோட்டத்தைத் துணியால் மூடுவது எளிதன்று. ஆகவே பழங்காலம் முதலே நெருப்பு மூட்டும் வழக்கம் இருந்து வருகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம நாட்டு அறிஞர் பிளினி, கொடித்தோட்டங்களில் சுள்ளியையும் பதரையும் எரித்துப் புகை எழுப்புமாறு கூறியுள்ளார். புகை முகில்போல் மூடிக் காக்கும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. ஆயினும் புகைத்துகள் மிக நுண்ணியது. வெப்பக் கதிரைத் தடுக்கும் ஆற்றல் அதற்குப் போதாது. காப்பது நெருப்பின் சூடே. அதிலும் பெருந்தீ ஒன்றினும் சிறுதீ பலவே சிறந்தவை. பெருந்தீயின் சூடு நேரே மேலெழுந்து போய்விடுகிறது. அவ்விடத்தை நிரப்பச் சுற்றுப்புறக் குளிர்காற்று உள்ளே பாய்கிறது. பிரான்சு நாட்டில் சாப்ளி என்னும் ஊரின் திராட்சைச் சரிவுகளில் ஏப்பிரல் இரவுகளில் ஒரு ஹெக்டேருக்கு முந்நூறு, நானூறு என மெழுகு நிரப்பிய தகர வாளிகளை வரிசையாக வைத்து ஏற்றுகின்றனர். தொலைவிலிருந்து காண்பார்க்கு அது கார்த்திகைத் திருவிளக்குப் போலவே தோன்றும். வாளிகளைத் தூக்கிச் செல்வோர்க்கு அது விழாவன்று. அவை ஓர் இரவில் எரிந்துபோகும் பணம்.

நெருப்பின்றி வெப்பம் பெறும் வழியும் ஒன்றுண்டு. தெளிந்த இரவில் மண்ணை ஒட்டிய காற்று மிகக் குளிர்ந்திருக்க, பத்துப் பதினைந்து மீட்டர் உயரத்திலுள்ள காற்றுச் சில பாகை வெப்பமாக இருக்கும். ஏறத்தாழ 10 மீட்டர் உயரக் கம்பத்தில் பெரிய சுழல்விசிறியைப் பொருத்தி மேற்காற்றைக் கீழே தள்ளினால் செடிகள் தப்பும். சிலர் ஹெலிகாப்டரையும் வாடகைக்கு அமர்த்தித் தோட்டத்தின்மேல் தாழப் பறக்கவிடுவர். ஆனால் வடக்கிலிருந்து பெருங்குளிர் காற்றோடு வந்து மேலும் கீழும் ஒரே குளிராக இருக்கும் இரவில் விசிறியால் பயனில்லை.

முறைகளுள் மிக விந்தையானது நீர் தெளித்தல். செடி உறையாதிருக்க அதனைப் பனிக்கட்டிக்குள்ளேயே வைத்துவிடுகின்றனர்! ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளிவிடும். இடைவிடாது நுண்துளியாக நீரைத் தெளித்தால், மொட்டின்மேல் நீர் உறைந்துகொண்டே இருக்கும். உறையும்வரை அதன் வெப்பநிலை சுழிப் பாகையை விட்டு அதிகம் கீழே இறங்காது. பூவுக்குக் கேடு தொடங்குவது அதற்கும் இரண்டு பாகை கீழே என்பது முன்னரே கூறப்பட்டது. ஆம்பர்கு நகரை அடுத்த எல்பு ஆற்றங்கரையில் ஆப்பிள் தோட்டங்கள் மிகுந்த ‘பழநிலம்’ என்னும் பகுதி உண்டு. அங்கு உழவர் இதற்கெனக் குளங்கள் வெட்டி வைத்துள்ளனர். சாப்ளிக்கு அருகிலும் இதன்பொருட்டு ஓர் ஏரி அமைக்கப்பட்டது. விடியற்காலையில் அத்தோட்டங்களில் கிளைதோறும் பளிங்குக் குழல்கள் தொங்கும். உள்ளே பச்சைத் தளிர் பழுதின்றித் தெரியும். இம்முறையில் நடுவே நிறுத்துதல் ஆகாது. நீர் நின்றால், ஈரமான பனிக்கட்டியிலிருந்து நீர் ஆவியாகத் தொடங்கும். ஒரு கிராம் ஆவியாவதற்கு ஏறத்தாழ 600 கலோரி வேண்டும். அதனை மொட்டிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். தொடங்கிவிட்டு இடையில் நிறுத்துவதினும் தொடங்காமலிருப்பதே மேல். மணிக்கு 3 மில்லிமீட்டர் வீதம் தெளித்தால் ஒரு ஹெக்டேருக்கு ஒரு மணிக்கு 30,000 லிட்டர் நீர் தேவை. எட்டு மணி நேர இரவுகள் மூன்று அடுத்தடுத்து வருமாயின் குளம் வற்றிவிடும்.

இத்தனைக் கருவிகள் இருந்தும் தோல்வி நேர்வதுண்டு. 2021-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களின் இறுதியில் பிரான்சு நாட்டில் கோடையோ என ஐயுறும் வெப்பம் நிலவியது. கொடிகளும் பழமரங்களும் முந்தித் தளிர்த்தன. ஏப்பிரல் 6 முதல் 8 வரை இரவுகளில் கடுங்குளிர் இறங்கியது. போர்தோ முதல் பர்கண்டி வரை இரவெல்லாம் நெருப்பு எரிந்தது. ரோன் பள்ளத்தாக்கில் ஆப்ரிகாட் பிஞ்சுகள் மடிந்தன. அவ்வாண்டின் திராட்சை மது உற்பத்தி முந்தின ஆண்டைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பகுதி குறைந்தது. உறைபனியோடு, பின்னர் வந்த மழையும் பூஞ்சை நோயும் அதற்குக் காரணமாயின. உலகம் வெப்பமடைந்து வருவதால் உறைபனி ஒழிந்துவிடும் என்று எண்ணுவதற்கில்லை. குளிர்காலம் மிதமாகும்போது மொட்டுகள் தம் கவசத்தை முந்திக் கழற்றிவிடுகின்றன. இறுதி உறைபனி அதே அளவுக்கு முந்தி விலகுவதில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாள்களே இடர் மிகுந்தவை. பிந்தித் தளிர்க்கும் வகைகளைத் தேர்ந்து நடுவதும், திராட்சைக் கொடியைக் கிளை நறுக்குவதைக் கூடுமானவரை தள்ளிப்போடுவதும் அதனால்தான் மீண்டும் பேசப்படுகின்றன.

வீட்டுத் தோட்டம் வைத்திருப்போர்க்கு ஏரியும் வேண்டா, சுழல்விசிறியும் வேண்டா. மே திங்களின் முதல் நாள்களில், மாலை வானத்தில் முகில் இல்லை, காற்று அசையவில்லை என்று கண்டதும் அவர்கள் வீட்டினுள்ளிருந்து பழம்போர்வைகளை எடுத்து வருகின்றனர். தொட்டிச் செடிகளைச் சுவரோரம் நகர்த்துகின்றனர். பாத்திகளில் குச்சிகளை நட்டு, போர்வைகளைப் பரப்பி, ஓரங்களில் கல் வைக்கின்றனர். காலையில் போர்வையின் மேற்புறம் வெண்மையாக விறைத்துக் கிடக்கிறது. ஒரு மூலையைத் தூக்கிப் பார்க்கின்றனர். அவரைக் கன்றுகள் இரண்டிலை விரித்தபடி நிற்கின்றன. சோபியாவின் நாள் கடந்தபின் போர்வைகளை வெயிலில் உலர்த்தி மடித்துப் பரணில் வைத்துவிடுகின்றனர்.